நாய்க்கு உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? டர்பன் பக்கத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று நம்மவர்கள் நெருக்கமாக வாழும் தெருக்களில் நாய் இல்லாத வீடு குறைவு. காவலுக்கென்று கொண்டுவந்த குட்டி, ஒரு வருஷத்துக்குள் பிள்ளைகளோடு பிள்ளையாகிவிடும். அதற்கு உடம்பு முடியாமல் போகும்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: "சாப்பிடலை, சரி, நாளைக்குப் பார்க்கலாம்." இந்தக் கரையோரத்தில் அந்த ஒரு நாள் பல நாய்களின் உயிரைக் குடித்திருக்கிறது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. நாய்களோடு வாழ்பவள், அக்கம்பக்கத்து நாய்களுக்காகவும் மருத்துவரிடம் போய் நிற்பவள். அங்கே கற்றுக்கொண்டதை, திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலாக இங்கே வைக்கிறேன். வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பதற்காக இதை எழுதவில்லை. எப்போது காத்திருக்கலாம், எப்போது உடனே வண்டியை எடுக்க வேண்டும் என்று தெரிவதற்காக எழுதுகிறேன்.

நாய் நன்றாக இருக்கும்போது நான் எதைக் கவனித்து வைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. ஆனால் மற்ற எல்லாப் பதிலும் இதன் மேல்தான் நிற்கிறது. நல்ல நாளில் உங்கள் நாய் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட நாள் தெரியும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை மெதுவாக இறக்கி உள்பக்கத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது மூச்சு. அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பொதுவாக 10 முதல் 30 வரை இருக்கும். தூக்கத்தில் தொடர்ந்து 30-க்கு மேல் போனால் இதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி. நம் உடம்பை விட நாயின் உடம்பு எப்போதும் சூடுதான், அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முனையில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் மெல்ல வைத்து எடுக்க வேண்டும். ஒருவர் தலைப்பக்கம் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான நாய்கள் பொறுத்துக்கொள்ளும். 39.5-க்கு மேல் காய்ச்சல். 40-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டர். 41 என்றால் அந்த நிமிஷமே.

இதோடு எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எத்தனை தடவை வெளிக்குப் போகும், கேட் திறக்கும் சத்தத்துக்கு எப்படி எழுந்து வரும் என்பதெல்லாம் உங்கள் மனதில் பதிந்திருக்க வேண்டும்.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சலா?

இல்லை. வெயிலில் படுத்து எழுந்தாலே மூக்கு காய்ந்துவிடும். கடும் காய்ச்சலிலும் மூக்கு ஈரமாக இருக்கலாம். மூக்கை விட்டுவிட்டு ஈறைப் பாருங்கள்.

நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, மந்தமாகப் படுத்திருக்கிறது. எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

வளர்ந்த நாய் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிட்டு, மற்றபடி வாலாட்டிக்கொண்டு துள்ளித் திரிந்தால் அடுத்த வேளைவரை பார்க்கலாம். சாப்பிடவும் இல்லை, மந்தமாகவும் இருக்கிறது என்றால் நம் பகுதியில் பொறுக்கவே கூடாது. காரணம் உண்ணி.

இங்கே எல்லோரும் பிலியரி என்று சொல்லும் நோய், உண்ணி கடித்துப் பரப்பும் ஒரு நுண்ணுயிரால் வருவது. பபீசியா என்பது அதன் பெயர். உலகத்தில் பல நாடுகளில் பபீசியா வகைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அதிகம் இருக்கும் பபீசியா ரோசி வகை அவற்றிலேயே மிகக் கொடியது. அது ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கிறது. உண்ணி கடித்துப் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அறிகுறி வரும். அதற்குள் அந்த உண்ணி உதிர்ந்து போயிருக்கும். "உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லையே" என்பது அதனால்தான் சமாதானம் ஆகாது.

முதல் நாள் நாய் கொஞ்சம் சோர்வாக இருக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், வெப்பம் 40-ஐ நெருங்கும். அடுத்து ஈறு வெளுக்கத் தொடங்கும். பிறகு சிறுநீர் ரூய்பஸ் தேநீர் போலச் செம்பழுப்பு நிறத்துக்கு மாறும், சில நாய்களுக்கு இன்னும் கறுத்துப் போகும். ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும். மூச்சு வேகமாகும், நிற்க முடியாமல் பின்கால் தள்ளாடும். முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நடுவே இரண்டு நாள்கூட இல்லாமல் போகலாம். குட்டிகளுக்கு இன்னும் சீக்கிரம்.

டாக்டர் காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார். சில நிமிஷ வேலை. முதல் நாளிலேயே போனால் பல நாய்கள் ஊசியோடு வீடு திரும்புகின்றன. ஈறு காகித வெள்ளையான பிறகு போனால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், மூளை, சிறுநீரகம், நுரையீரல் என்று எதிலாவது சிக்கல் சேர்ந்துகொள்ளும், செலவும் பல மடங்கு ஆகும். அப்படியும் காப்பாற்ற முடியாமல் போவது உண்டு.

பிலியரி ஊசி மருந்தைப் பண்ணைப் பொருள் கடையில் வாங்கி நாமே போட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். மாட்டுக்கு விற்கும் அந்த மருந்தில் நாய்க்குத் தேவையான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. எடையைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டுப் போட்டால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். சில நாட்கள் கழித்து நாய் தலை திரும்பி, கால் விறைத்துச் சாகும். "மருந்து போட்டும் பிலியரி கேட்கலை" என்று சொல்லப்படும் சில மரணங்களில் கொன்றது மருந்தாக இருக்கலாம். இன்னொன்று, அது பிலியரியே இல்லாமலும் இருக்கலாம். எர்லிக்கியா என்ற வேறொரு உண்ணி நோய்க்கு மருந்து வேறு. அதில் மூக்கில் ரத்தம் வடிவதும், வயிற்றுத் தோலிலும் ஈறிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிவதும் உண்டு. அந்தப் புள்ளிகளைத் தடிப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இந்த உண்ணி நோய் எங்களுக்குத் தொற்றுமா?

பிலியரி நாயிடமிருந்து மனிதருக்கு வராது. மனிதருக்கு வரும் உண்ணிக்கடிக் காய்ச்சல் வேறு கிருமியால் வருவது. ஆனாலும் உண்ணியைக் கையால் நசுக்காமல் இடுக்கியால் பிடுங்குங்கள்.

உண்ணி ஒழிக்க ஜெய்ஸ் ஃப்ளூயிட் கலந்து குளிப்பாட்டலாமா? எங்கள் ஆயா அப்படித்தான் செய்வார்.

ஆயா காலத்தில் வேறு வழி இல்லை. அது சிமெண்டுத் தரையையும் சாக்கடையையும் கழுவும் திரவம். தோலைப் பொசுக்கும். நாய் உடம்பை நக்கும்போது வாய்க்குள்ளும் போகும், தோல் வழியே ரத்தத்திலும் சேரும். நடுக்கம், வாந்தி, மயக்கம் எல்லாம் வரலாம். பூனைக்கு இன்னும் மோசம். பழைய இன்ஜின் ஆயில் பூசுவதும் அப்படித்தான்.

இப்போது மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ தின்னக் கொடுக்கும் மாத்திரைகள், கழுத்தில் விடும் சொட்டுகள், பட்டைகள் எல்லாம் இருக்கின்றன. வலிப்பு வரும் நாய்க்கு அந்த மாத்திரை கொடுக்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எதைக் கொடுத்தாலும் காதின் உட்புறம், அக்குள், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தினமும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. பிலியரிக் கிருமி நாய்க்குள் போக உண்ணி பொதுவாக ஓரிரு நாள் ஒட்டியிருக்க வேண்டும். அன்றன்றைக்குப் பிடுங்கினால் ஆபத்து பெருமளவு குறையும்.

எந்த அறிகுறி வந்தால் நடு ராத்திரியானாலும் போக வேண்டும்?

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல் எச்சில் மட்டும் ஒழுகுவது. இது இரைப்பை காற்றால் நிரம்பி முறுக்கிக்கொள்வது. போர்புல், ரிட்ஜ்பேக், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் பிழைக்காது. இஞ்சிச் சாறு, ஓம நீர் என்று எதையும் ஊற்றி நேரம் கடத்தாதீர்கள்.

ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ செங்கல் சிவப்பாகவோ மாறுவது. ஓய்வாக இருக்கும்போதே கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறுவது. ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது. திடீரென்று பின்கால்கள் இழுபடுவது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீளும் வலிப்பு, அல்லது ஒரே நாளில் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு. வலிப்பின்போது வாய்க்குள் கையோ கரண்டியோ வைக்க வேண்டாம். நாய் நாக்கை விழுங்காது, ஆனால் உங்கள் விரலைக் கடித்துவிடும். சுற்றியுள்ள நாற்காலிகளை நகர்த்தி, விளக்கையும் டிவியையும் அணைத்து, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். எவ்வளவு நேரம் நீடித்தது என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. முடிந்தால் யாராவது போனில் படம் பிடிக்கட்டும்.

கர்ப்பப்பை எடுக்காத பெட்டை நாய்க்கு ஒரு தனி எச்சரிக்கை. சூடு (இணை சேரும் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் அது அதிகமாகத் தண்ணீர் குடித்து, சாப்பாடு குறைந்து, சோர்ந்து போனால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சில நாய்களுக்கு நாற்றமடிக்கும் கசிவு தெரியும். கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டால் வெளியே ஒன்றுமே தெரியாது, அதுதான் கூடுதல் ஆபத்து.

குட்டிக்கு வாந்தியும் பேதியும். ரத்தம் கலந்து போகிறது. புழுவாக இருக்குமோ?

புழுவாகவும் இருக்கலாம். ஆனால் தடுப்பூசி முடியாத குட்டி என்றால் முதலில் பார்வோ என்ற தொற்றுநோயை நினையுங்கள். அந்தப் பேதிக்கு ஒரு தனி நாற்றம் உண்டு, ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றிப்போவதுதான். பிடரித் தோலைத் தூக்கி விட்டால் சட்டென்று விழாமல் அப்படியே நின்றால் ஏற்கெனவே நிறைய நீர் போய்விட்டது. வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாய்வழி தண்ணீர் திணிப்பதில் பயனில்லை, நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு, அப்புறம் ஒரு வருஷம் கழித்து ஒன்று. ஊசித் தொடர் முடியும்வரை குட்டியைத் தெருவிலும் பூங்காவிலும் இறக்கிவிடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். ஒரு குட்டி செத்த முற்றத்தில் அடுத்த மாதமே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடுவது, அதையும் பறிகொடுப்பதற்கு வழி.

வாயில் நுரை தள்ளுகிறது, தாடை தொங்குகிறது. எலும்பு மாட்டியிருக்குமா? கைவிட்டுப் பார்க்கலாமா?

கையை விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் இந்த ஒரு பதிலை எல்லா வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எலும்பாகவும் இருக்கலாம். ஆனால் நம் மாகாணமான குவாசூலு-நட்டாலில் நாய்களிடையே வெறிநோய் 1976-லிருந்து நிலைத்திருக்கிறது. வெறிநோய் என்றதும் ஓடி ஓடிக் கடிக்கும் நாயைத்தான் நாம் நினைக்கிறோம். அமைதியான வகையும் உண்டு. தாடை தளர்ந்து தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, குரைப்பு கரகரத்து மாறிப்போகும். கூச்சமான நாய் திடீரென்று ஒட்டி ஒட்டி வரும், பாசமான நாய் மூலையில் போய் ஒளியும், எதிர்ப்பட்ட கல்லையும் கம்பையும் கடிக்கும். இப்படி ஏதாவது கண்டால் நாயைத் தொடாமல் கேட்டையோ அறையையோ சாத்திவிட்டு, அரசு கால்நடை மருத்துவருக்கோ, விலங்கு நலச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.-வுக்கோ போன் செய்யுங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரையாவது கடித்திருந்தால், பிராண்டியிருந்தால், புண்ணில் அதன் எச்சில் பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டும். மஞ்சளோ மிளகாயோ அப்ப வேண்டாம். அறிகுறி தோன்றிய பிறகு வெறிநோய்க்கு மருந்து கிடையாது. அதற்கு முன் தொடங்கும் ஊசி உயிரைக் காக்கும். சின்னக் கீறல்தானே என்று பிள்ளைகள் மறைப்பார்கள், கேட்டு விசாரியுங்கள்.

வெறிநோய் ஊசி கட்டாயமா? எங்கள் நாய் முற்றத்தை விட்டே வெளியே போகாது.

கட்டாயம். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி எல்லா நாய்க்கும் பூனைக்கும் போட வேண்டும். மூன்று மாத வயதில் முதல் ஊசி, அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது, பிறகு குறைந்தது மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. நம் மாகாணத்தில் ஆபத்து அதிகம் என்பதால் வருஷா வருஷம் போடுவதே நல்லது. அரசாங்கத்தின் இலவச முகாம்கள் நடக்கும்போது பக்கத்து வீட்டு நாயையும் சேர்த்து அழைத்துப் போங்கள். முற்றத்தை விட்டு உங்கள் நாய் போகாது, சரி. தெருநாயும் கீரியும் முற்றத்துக்குள் வருமே.

வலியில் முனகுகிறது. பனாடோ கொடுக்கலாமா?

கூடாது. பனாடோவில் இருக்கும் பாராசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரோஃபென் வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிராண்ட்பா பவுடரில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபின் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. நம் தலைவலிக்கு நல்லது எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்து எந்த மருந்து கொடுக்கலாம் என்பது அதைப் பொறுத்தது.

மிச்ச பிரியாணி, கறி எல்லாம் போட்டுத்தான் வளர்க்கிறோம். எதைப் பார்த்து பயப்பட வேண்டும்?

வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். விளைவு அன்றே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கறுக்கும். பிலியரிக்கும் இதே தோற்றம்தான். அதனால் கல்யாணச் சாப்பாடோ கறிக்குழம்போ தின்றிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று நாய்க்கு நாய் மாறும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் அரைமணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கும். சில பீநட் பட்டர் வகைகளிலும் சேர்க்கிறார்கள், மாத்திரையை அதில் பொதிந்து கொடுக்குமுன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். டிசம்பரில் மாங்கொட்டை. அதை முழுதாக விழுங்கிய நாய்க்குக் குடல் அடைத்து, இரண்டு நாளாக வாந்தி எடுக்கும், மலம் போகாது.

தென்கரையில் விளையும் மக்கடேமியா கொட்டை தின்றால் சில மணி நேரத்தில் பின்கால் பலமிழந்து, உடம்பு நடுங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடும். டாக்டரிடம் காட்டுவது மட்டும் அவசியம்.

புரட்டாசியில் வீட்டில் மாமிசம் சமைப்பதை நிறுத்துகிறோம். நாயின் சாப்பாடும் ஒரே நாளில் மீலி மீல் என்ற சோளமாவுக் கஞ்சிக்கும் பருப்புச் சோற்றுக்கும் மாறிவிடுகிறது. அந்த வாரம் பல வீட்டு நாய்களுக்குப் பேதி. உங்கள் விரதம் உங்களுக்கு. நாய்க்கு அதன் வழக்கமான உலர் உணவையே போடுங்கள், மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

தோட்டத்தில் என்ன ஆபத்து?

நாம் ஆசையாக நட்ட செடிகளே. ஊதாவாகப் பூத்து, வெளிறி, வெள்ளையாக மாறும் பூவுள்ள 'நேற்று இன்று நாளை' செடியைத் தின்றால் வாந்தியும் நடுக்கமும் வலிப்பும் வரும். பனை போலத் தோன்றும் சைக்காட் செடியின் விதை ஈரலை அழிக்கும், தின்ற அன்று வாந்தி எடுத்து, தேறியதுபோல் இருந்து, இரண்டு மூன்று நாளில் மஞ்சள் காமாலையோடு விழும். நம்மில் பலர் வேப்பிலையாகப் பாவிக்கும் சிரிங்கா மரத்தின் மஞ்சள் பழங்களும் நஞ்சுதான், மாரியம்மன் பூசைக்காக முற்றத்தில் வளர்த்தாலும் உதிர்ந்த பழங்களைக் கூட்டி அள்ளிவிடுங்கள். நத்தைக்குப் போடும் உருண்டை மருந்து நாய்க்கு ருசியாக இருக்கும், உடம்பே அதிரும் அளவுக்கு வலிப்பு வரும்.

மழை இரவுகளில் வரும் தேரையைக் கவ்வினால் வாயில் நுரையாக எச்சில் கொட்டும். குழாய்த் தண்ணீரை வாயின் பக்கவாட்டில், தொண்டைக்குள் போகாதபடி, தலையைத் தாழ்த்திப் பிடித்துக் கழுவுங்கள். பத்து நிமிஷத்தில் அடங்காவிட்டால், தள்ளாட்டமோ நடுக்கமோ சேர்ந்தால், கிளம்புங்கள்.

பாம்பு கடித்தது என்று எப்படித் தெரியும்?

முகத்திலோ முன்காலிலோ திடீர் வீக்கம், கடும் வலி, ரத்தக்கசிவு என்றால் பெரும்பாலும் விரியன் வகை. வீக்கமே இல்லாமல் தள்ளாடி, இமை சொருகி, மூச்சு தளர்ந்தால் மாம்பா போன்றது. கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், நாயை நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள், தூரத்திலிருந்து ஒரு படம் போதும். புறப்படுமுன் போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், எல்லா இடத்திலும் இருக்காது. துப்பும் நாகம் கண்ணில் துப்பியிருந்தால் கால்மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு அழைத்துப் போங்கள்.

இரவில் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம். அடையாளம் என்ன?

திருட வருபவர்கள் முதலில் நாயைத் தீர்த்துக்கட்டுவது இங்கே நடக்கிறது. டூ ஸ்டெப் என்ற பெயரில் தெருவில் எலிமருந்தாக விற்கப்படும் கறுப்புக் குருணை பெரும்பாலும் ஆல்டிகார்ப். தடை செய்யப்பட்ட பூச்சிக்கொல்லி. சாஸேஜிலோ இறைச்சித் துண்டிலோ பொதிந்து சுவருக்கு மேல் வீசுவார்கள். சில நிமிஷத்திலேயே எச்சில் கொட்டும், வாந்தி, பேதி, சிறுநீர் எல்லாம் கட்டுப்பாடில்லாமல் போகும், கண்மணி சுருங்கும், தசைகள் துடிக்கும், வலிப்பு வரும்.

பாலும் முட்டையும் எண்ணெயும் ஊற்ற வேண்டாம். உணர்வு குறைந்த நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும். உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தூக்குங்கள், வாந்தியில் இருக்கும் விஷம் உங்களையும் தாக்கும். இதற்கு மாற்று மருந்து உண்டு, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாய்கள் பிழைக்கின்றன. மற்ற நாய்களையும் பிள்ளைகளையும் முற்றத்துக்கு விடாமல், விடிந்ததும் மிச்சத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கிவிடுங்கள். மனம் அடித்துக்கொள்ளும், ஆனால் அந்தக் குருணையில் கொஞ்சம் ஒரு குழந்தையையும் கொன்றுவிடும்.

தீபாவளி இரவில் நடுங்குகிறது, சாப்பிடவில்லை. பயமா, நோயா?

வெடிச் சத்தம் நின்று ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டால் பயம். மறுநாள் மதியமும் மந்தமாக இருந்தால் ஈறையும் வெப்பத்தையும் பாருங்கள். பயந்து தப்பி ஓடி அடிபட்டிருக்கலாம், வெடித்த பட்டாசை மென்றிருக்கலாம். பயம் அதிகமான நாய்க்கு முன்கூட்டியே டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள். கடந்த வருஷத்து மிச்ச மாத்திரை வேண்டாம். சில மருந்துகள் உடம்பை அசையவிடாமல் மட்டுமே செய்யும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். சங்கிலியில் கட்டிப்போடாமல் வீட்டுக்குள் ஒரு மூலை கொடுங்கள்.

பிப்ரவரி வெக்கையில் மூச்சிரைக்கிறது. எப்போது கவலைப்பட வேண்டும்?

நிழலில் படுத்துப் பத்து நிமிஷமாகியும் இரைப்பு அடங்காவிட்டால். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தடுமாறினால் அது வெப்ப அடி. சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்றாடிக்கு முன் வைத்து, ஈரத்தோடேயே வண்டியில் ஏற்றுங்கள். ஈரத்துணியால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். தட்டை மூக்கு நாய்களைப் பகலில் நடக்க அழைத்துப் போகவே வேண்டாம்.

தின்றதும் அப்படியே வெளியே வந்துவிடுகிறது, மெலிந்துகொண்டே போகிறது.

வயிறு குமட்டாமல், முக்காமல், சாப்பாடு உருளையாக வெளியே விழுந்தால் சிக்கல் உணவுக்குழாயில். இங்கே ஸ்பைரோசெர்க்கா என்ற புழு சாணவண்டு மூலம் நாய்க்குள் போய் உணவுக்குழாயில் முடிச்சு முடிச்சாகத் தங்கும். விட்டுவிட்டால் அந்த முடிச்சு புற்றாகவும் மாறலாம். சாதாரணப் புழு மாத்திரையில் இது போகாது. சீக்கிரம் காட்டினால் மருந்தால் கரைக்க முடியும்.

தோலில் கொப்புளம் மாதிரி, நடுவில் ஓட்டை.

புட்சி ஈயின் புழுவாக இருக்கும். ஓட்டையை வாஸ்லின் தடவி மூடினால் மூச்சுக்காக மேலே வரும். நசுக்கி உள்ளேயே உடைத்தால் புண்ணாகும். நிறைய இருந்தால், குட்டி என்றால், டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

எங்கள் நாய்க்குப் பத்து வயது. வயசாகிவிட்டது, அதனால்தான் சோர்வு என்கிறார்கள்.

வயது ஒரு நோய் இல்லை. படியேற மறுப்பது மூட்டு வலி, அதற்கு மருந்து உண்டு. இரவில் இருமுவது இதயமாக இருக்கலாம். வாய் நாற்றமும் ஒரு பக்கமாக மெல்லுவதும் பல் சீழ். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியானால் ஒரு நாள் அளந்து ஊற்றுங்கள். கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் நீரிழிவு, சிறுநீரகம், சுரப்பிக் கோளாறு என்று தேட வேண்டும். தோலடியில் புதுக் கட்டி தெரிந்தால் அதன் அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள். வளர்ந்தால் ஊசியால் சிறிது எடுத்துப் பார்ப்பார்கள். வாலாட்டுவதால் வலி இல்லை என்று எண்ண வேண்டாம், வலியிலும் நம்மைக் கண்டால் அது வாலாட்டும்.

காசு இல்லையென்றால்?

வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். இவ்வளவுதான் முடியும் என்று தெரிந்தால் டாக்டர் எந்தச் சோதனை அவசியம், எது பிறகு பார்க்கலாம் என்று பிரித்துச் சொல்வார். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு எஸ்.பி.சி.ஏ. கிளினிக்குகள் உதவுகின்றன, ஓய்வூதியச் சான்றோ உதவித்தொகைச் சான்றோ கையில் கொண்டுபோங்கள். முதல் நாள் போவதுதான் எப்போதும் மலிவு.

டாக்டருக்குப் போன் செய்யும்போது என்ன சொல்ல வேண்டும்?

வயது, எடை, ஆணா பெட்டையா, கர்ப்பப்பை எடுத்ததா. எப்போதிலிருந்து, எது முதலில். ஈறின் நிறம், வெப்பம், கடைசியாகச் சாப்பிட்டதும் சிறுநீர் கழித்ததும் எப்போது. கடைசி உண்ணி மருந்து எந்தத் தேதி, ஊசி அட்டை எங்கே. என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள். வழக்கமான கிளினிக்கின் எண்ணோடு, இரவில் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கின் எண்ணையும் இன்றைக்கே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். வாந்தியிலோ மலத்திலோ சந்தேகமான எதையாவது கண்டால் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி எடுத்துப் போங்கள், தின்ற மாத்திரையின் அட்டையையும் கடித்த செடியின் ஒரு கிளையையும் சேர்த்து.